பால் குறைந்த நாட்கள்

காக்கை கத்தினால் விருந்தாளி வருவார் என்பதில் எங்கள் வகுப்பில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. புதிதாக வந்த டீச்சரம்மாவுக்கு மட்டும் இருந்தது. ரயிலில் வந்திறங்கி, பருத்திப்பட்டு ஏரிக்கரை மேல் குடை பிடித்து நடந்து வருவார். எங்களோடு அவர் வாதாடவில்லை. ஆளுக்கு இரண்டு கொட்டாங்குச்சி கொண்டுவரச் சொன்னார். காக்கை கத்தி விருந்தாளி வந்தால் ஒன்றில் ஒரு புளியங்கொட்டை. கத்தியும் வராவிட்டால் மற்றதில் ஒன்று.

மாதம் முடிந்தபோது இரண்டாவது கொட்டாங்குச்சி எல்லோருக்கும் நிரம்பியிருந்தது. முதலாவதில் ஏதோ ஒன்றிரண்டு கிடந்தன. என் பக்கத்துப் பெண் வீட்டுக்கு வரி கேட்டு வந்த மணியக்காரரை விருந்தாளியாக எண்ணலாமா கூடாதா என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டோம். டீச்சரம்மா அந்தச் சண்டையை ரசித்துக் கேட்டார்.

“நடந்தது மட்டும்தான் மனசுல நிக்கும். நடக்காததையும் எண்ணணும். எண்ணிட்டு வந்து பேசினா, எதிர்ல இருக்கறவங்க கேட்டுத்தான் ஆகணும்” என்றார். பிறகு, அவரவர் வீட்டில் தீராமல் கிடக்கும் வழக்கு ஒன்றை எடுத்து எண்ணிக்கொண்டு வரச் சொன்னார்.

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. எங்கள் வீட்டு வழக்கு பசுமாட்டைப் பற்றியது. அந்தத் தை மாதம் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி, நெமிலிச்சேரியிலிருந்து சித்தி வந்தாள். அதே தையில்தான் ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் கொட்டகை போட்டு இறங்கினார்கள்; யுத்த காலம். சித்தி வந்த பிறகு பசு சில நாள் மாலையில் சொம்பு நிறையக் கறந்தது. சில நாள் பாதிகூட இல்லை. பால் கறப்பது அத்தை. நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அக்காள்; சொந்த வீட்டை இழந்து எங்களோடு வந்து சேர்ந்து, இந்த வீட்டின் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டவள்.

“இவ கால வச்ச நேரம், மடி வத்திப் போச்சு” என்பாள். சித்தி காதில் விழும்படிதான் சொல்வாள்.

சித்தி குனிந்த தலையோடு வாசலைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். அவளுடைய காலை நான் உற்றுப் பார்த்திருக்கிறேன். மருதாணி வைத்த சின்னக் கால். அதற்கும் மாட்டின் மடிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தில்தான் எண்ணத் தொடங்கினேன். சித்திக்காகப் பரிந்துகொண்டு என்று சொல்ல முடியாது.

சொம்பு நிறைந்த நாளுக்குப் புளியங்கொட்டை, குறைந்த நாளுக்கு உடைந்த ஓட்டுச்சில். சித்தி வீட்டில் இருந்தால் ஒரு கொட்டாங்குச்சியில், தாய்வீட்டுக்குப் போயிருந்தால் இன்னொன்றில். அவள் தம்பிக்குக் காது குத்து வந்தது. சில நாள் போய்த் தங்கினாள். அவள் இல்லாத நாட்களிலும் பால் குறைந்தது. இருந்த நாட்களிலும் நிறைந்தது. இரண்டிலும் கொட்டையும் சில்லும் கலந்தே கிடந்தன.

டீச்சரம்மா இரண்டையும் மேசைமேல் கொட்டிப் பார்த்தார். “காரணம் இது இல்லைன்னு தெரிஞ்சுதுல்ல? வேற என்ன மாறுதுன்னு பாரு” என்றார்.

வேறு என்ன மாறுகிறது? தீனியைப் பார்த்தேன், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். பிறகு மேய்ச்சலைப் பார்த்தேன். நைனா ஓட்டிப் போனால் மாடு ஏரிப் பக்கம் மேயும். நைனாவுக்கு வயல் வேலை இருந்தால் சித்தப்பா பட்டாளத்துக் கொட்டகைப் பக்கம் ஓட்டுவார். இன்னும் இரண்டு கொட்டாங்குச்சி எடுத்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். இந்த முறை ஏரிக் கொட்டாங்குச்சியில் புளியங்கொட்டை மட்டுமே விழுந்துகொண்டு வந்தது. கொட்டகைக் கொட்டாங்குச்சியில் வெறும் ஓட்டுச்சில். ஒவ்வொரு மாலையும் அத்தை சொம்போடு எழுந்திருக்கும்போது நான் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன்.

அதற்குள் அத்தை நைனாவைக் கரைத்துவிட்டாள். ஒரு நாள் காலை வாசலில் வண்டி பூட்டி நின்றது. சித்தி கொஞ்ச நாள் தாய்வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். அந்தக் ‘கொஞ்ச நாள்’ வருஷக்கணக்கில் நீண்ட வீடுகள் ஊரில் உண்டு. சித்தி டிரங்குப் பெட்டியோடு வண்டியில் உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா மாட்டுக் கொட்டிலருகே நின்று துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

நான் கொட்டாங்குச்சிகளோடு ஓடிவந்து நைனாவின் முன்னால் உட்கார்ந்தேன். சித்தி இருந்ததும் இல்லாததும் முதலில். பிறகு ஏரிப் பக்கம். பிறகு கொட்டகைப் பக்கம். டீச்சரம்மா சொன்ன மாதிரியே நிதானமாகச் சொன்னேன். அத்தை தடுக்கப் பார்த்தாள். நைனா கையமர்த்தினார். குனிந்து ஓட்டுச்சில்லைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

“கொட்டாய் பக்கம் மாட்ட ஓட்டிகினு போறது யாரு?”

“சித்தப்பாதான்” என்றேன், உற்சாகமாக. “லாரிங்க சத்தம் போடுதில்ல நைனா, மாடு பயந்துகினு பால அடக்கிக்குது.”

கொட்டகை வாசலில் ஒரு டீக்கடை இருந்ததும், சித்தப்பா உச்சி நேரத்தில் பாதி மடியை அங்கே கறந்து விற்றுவந்ததும், அவருடைய சிகரெட்டும் சினிமாவும் எனக்கு அவர் வாங்கி வந்த பெப்பர்மிட்டும் அதிலிருந்து வந்தவை என்பதும் எனக்கு எட்டவில்லை. மற்ற எல்லோருக்கும் அந்தக் கணமே எட்டிவிட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை சித்தப்பா பக்கம் திரும்பினாள்.

“ஆமா. லாரி சத்தந்தான்” என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்தபடி.

நைனா வண்டி மாட்டை அவிழ்க்கப் போனார். சித்தியை இறங்கச் சொல்லும்படி அம்மாவுக்குச் சைகை காட்டினார். சித்தி இறங்கவில்லை. சித்தப்பாவை ஒருமுறை பார்த்தாள். அத்தனை நாள் அத்தை திட்டியபோதெல்லாம் அவர் பக்கத்திலேயே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“வண்டிய ஓட்டுங்க மாமா” என்றாள் நைனாவிடம். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது அன்றுதான்.

வண்டி நகர்ந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சொன்னது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும் என்று நினைத்தேன். வண்டியின் பின்னால் ஓடினேன். தப்பு உன் காலில் இல்லை சித்தி, மாடு கொட்டகைப் பக்கம் போன நாளில்தான் பால் குறைந்தது, நீ இல்லாதபோதும் குறைந்தது என்று ஆரம்பத்திலிருந்து மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

சித்தி குனிந்து என் தலையைத் தொட்டாள்.

“எனக்கு நல்லா புரிஞ்சிபோச்சு கண்ணு. நீ ஊட்டுக்குப் போ.”

புரிந்துவிட்டதென்றால் ஏன் போகிறாள் என்று கேட்க வாயெடுப்பதற்குள் வண்டி ஏரிக்கரை ஏறிவிட்டது. இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், எங்கேயோ எண்ணிக்கையில் பிசகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.