இன்னாசித்தம்பியின் நீலக்கோட்டுத் துவாய்

இன்னாசித்தம்பிக்கு எங்கே இருந்தாலும் மற்ற இடம்தான் நல்ல இடம். தெற்குக் கரையில் ஓர் உல்லாச விடுதியில் வேலை பார்த்த காலம் முழுக்க, தான் பிறந்த நெடுந்தீவைப் போல நிம்மதியான ஊர் உலகத்தில் இல்லை என்று கூட வேலை செய்தவர்களுக்குக் காது புளிக்கச் சொன்னார். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு நெடுந்தீவுக்குத் திரும்பிய பிறகு, அந்த விடுதியைப் போலக் கலகலப்பான இடம் உலகத்தில் இல்லை என்று கூட்டுறவுச் சங்கக் கடைக்கு வந்தவர்களுக்குக் காது புளிக்கச் சொன்னார். இரண்டும் பொய்யில்லை. அந்தந்த நேரத்தில் அவர் அப்படித்தான் நம்பினார். "நான் ஒரு வள்ளத்திலை வந்தால் என்ரை மூளை எப்பவும் அடுத்த வள்ளத்திலைதான் வரும்" என்று தன்னைப் பற்றி அவரே சொல்லுவார்.

விடுதியில் அவருக்கு மணலில்தான் வேலை. காலையில் சாய்கதிரைகளைப் போட்டு, குடை விரித்து, வெள்ளைக்காரர் வந்ததும் ஆளுக்கொரு துவாய் கொடுத்து, செவ்விளநீர் சீவி நீட்ட வேண்டும். ஊரில் சொல்லச் சொல்ல இந்த வேலை வளர்ந்து, கடற்கரை முழுவதையும் மேய்க்கிற உத்தியோகமாகிவிட்டது. கலவரத்தன்று விடுதி மனேச்சர், ஒரு சிங்களவர், அவரைச் சலவை அறையில் அழுக்குத் துணிக் குவியலுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். பிறகு அகதி முகாம், பிறகு கப்பல். அவர் கொண்டுவந்து சேர்த்த ஒரே சொத்து, குவியலுக்குள் கிடந்தபோது இறுக்கிப் பிடித்திருந்த ஒரு பெரிய துவாய். வெள்ளையில் நீலக்கோடு, மூலையில் விடுதியின் பெயர். வீட்டில் அதை யாரும் தலை துவட்டக்கூடத் தொடக்கூடாது. அலுமாரியில் மடித்து வைத்து, ஆட்கள் வந்தால் எடுத்துக் காட்டுவார்.

"கோயில் பீடத்துச் சீலைக்கும் இவ்வளவு மரியாதை இல்லை" என்பார் மனைவி நேசம்மா.

கடலுக்குப் போனால் அவருக்குக் குமட்டி ஓங்காளம் வரும். மாடு வளர்க்கப் பொறுமை இல்லை. அதனால் சங்கக் கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுக்கிற வேலை. விடுதியின் ஞாபகமாக முற்றத்தில் போகன்விலா நட்டார். அடுத்த வளவு ஆச்சிமுத்துவின் பசு, இடிந்து கிடந்த கல்வேலியைத் தாண்டி வந்து, முள்ளையும் பாராமல் அதை அடியோடு தின்றுவிட்டது. அன்றிலிருந்து ஆச்சிமுத்துவோடு பேச்சுவார்த்தை இல்லை. ஆச்சிமுத்துவும் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் பசுக்களோடு தனியாக இருக்கிற மனுஷிக்கு, இன்னாசித்தம்பி பேசாமல் இருப்பது ஒரு வகையில் ஓய்வுதான்.

தொண்ணூறாம் ஆண்டு மாசியில், ஊர்காவற்றுறையிலிருந்து கொழும்புக்கு லொறி ஓடுகிற இராசநாயகம் ஒரு சேதி கொண்டுவந்தார். சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. தெற்கிலும் குழப்பம் அடங்கிவிட்டது. விடுதியைத் திருத்தி அடுத்த சீசனுக்கு ஆயத்தம் செய்கிறார்கள், இன்னாசித்தம்பி வந்தால் கடற்கரைப் பையன்கள் எல்லாருக்கும் அவரே தலைவர் என்று மனேச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். உயிர்த்த ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை லொறி போகும். வருவதென்றால் வரலாம்.

ஏழு வருடம் கனவு கண்டது கைக்கு வந்ததும் இன்னாசித்தம்பிக்குப் போவதா இருப்பதா என்று தெரியவில்லை. தவக்காலம் முழுக்கக் காலையில் போவது என்று எழும்புவார், இரவில் இருப்பது என்று படுப்பார். கடையில் சீனி கேட்டவருக்கு உப்பை நிறுத்துக் கொடுத்தார்.

நேசம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இஞ்சேருங்கோ, போறதெண்டால் போங்கோ. நான் பிள்ளையளைப் பாப்பன். இருக்கிறதெண்டால் இருங்கோ. ஆனால் இனியும் இஞ்சை இருந்துகொண்டு அங்கை இருக்காதேங்கோ. ரெண்டு பேருக்குச் சமைக்கிறமாதிரிக் கிடக்கு."

அந்தச் சொல் சுட்டது. முடிவெடுக்கத்தான் வேண்டும். எதைக் கொண்டு எடுப்பது என்று யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. அத்தனை வருடம் மணலில் நின்றும், அவர் அந்த மணலில் ஒருநாளும் படுத்ததில்லை. வேலைக்காரர் படுக்கக் கூடாது. உலகத்தின் மறுகோடியிலிருந்து காசைக் கொட்டி வருகிறவர்கள் அப்படிப் படுத்து என்னத்தைக் காண்கிறார்கள்? அது தெரியாமல் எப்படி ஒப்பிடுவது? நெடுந்தீவிலும் கடல் இருக்கிறது, மணல் இருக்கிறது, வெயில் தாராளமாகவே இருக்கிறது. படுத்துப் பார்த்து, அந்தச் சுகம் இங்கேயே கிடைத்தால் இருப்பது, கிடைக்காவிட்டால் போவது. இவ்வளவு தெளிவாகத் தான் யோசித்ததை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாள், பெரிய சனியன்று கடை பூட்டு. கலவரத்துக்கு முன்னம் லீவில் வந்தபோது வீட்டில் விட்டுவைத்திருந்த, ஒரு வெள்ளைக்காரரின் பூப்போட்ட அரைக்காற்சட்டையை எடுத்துக்கொண்டார். துவாயைச் சாக்குக்குள் சுருட்டினார். மேற்குப் பக்கம் ஆளில்லாத கரைக்குப் போய், துவாயை விரித்து, முதுகெல்லாம் தேங்காயெண்ணெய் பூசி, முகத்தைக் கைகளுக்குள் புதைத்துக் குப்புறப் படுத்தார். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு முதுகு எரிந்தது. பிறகு, தவக்காலம் முழுக்கத் தூங்காத மனுஷன், அயர்ந்து தூங்கிவிட்டார். காற்று மணலை அள்ளிப் போட்டு அடியில் கிடந்த துவாயை மறைத்தது.

அவர் ஒன்றை மறந்துவிட்டார். நெடுந்தீவில் யாரும் கடற்கரையில் படுப்பதில்லை. அங்கே படுத்துக் கிடக்கிறது என்றால் அது கடல் கொண்டுவந்து போட்டதுதான். அந்த வருடங்களில் கடல் அப்படிச் சிலரைக் கொண்டுவந்து போட்டுமிருந்தது. அப்படி ஒன்றைக் கண்டால் ஊரில் ஒரு வழக்கம். கண்டவர், ஊர் அதிகாரியான விதானையார் வருமட்டும் புரட்டிப் பார்க்க மாட்டார். கையில் இருக்கிற துணியால் மூடிவிட்டு, காகமும் நாயும் அண்டாமல் பக்கத்தில் இருப்பார். யாருடைய பிள்ளை, எந்தப் பக்கத்துப் பிள்ளை என்ற கேள்வி கிடையாது.

இன்னாசித்தம்பி கண் விழித்தபோது உலகம் வெள்ளையாக இருந்தது. உடம்பை மெல்லிய துணி ஒன்று மூடியிருந்தது. தலைமாட்டில் ஒரு பெண் குரல் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. இடையிடையே நிறுத்தி, "சூ, போ!" என்று காகத்துக்குக் கல்லெறிந்தது. குரலை அடையாளம் கண்டதும் அவருக்கு உடம்பு விறைத்துவிட்டது. பசுவைத் தேடி வந்த ஆச்சிமுத்து, கோயிலுக்குப் போர்த்துப் போகிற தன் முக்காட்டால் அவரை மூடிவிட்டு, வெறுந்தலையோடு வெயிலில் இருந்தார்.

எழும்பலாம். எழும்பி என்ன சொல்லுவது? பூப்போட்ட காற்சட்டை, எண்ணெய் முதுகு. அந்த மனுஷி போன பிறகு எழும்புவோம் என்று மூச்சை அடக்கிக் கிடந்தார். ஆனால் ஆச்சிமுத்து போகிற எண்ணத்தில் இல்லை. ஆண்டவர் கல்லறையில் இருக்கிற பெரிய சனியில் கோயில் மணி அடிக்க ஏலாது, ஊரைக் கூப்பிட வழியில்லை. யாராவது அந்தப் பக்கம் வருமட்டும் அவர் இருக்கத்தான் வேண்டும்.

செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் முடிந்தபின் ஆச்சிமுத்து குனிந்து, குழந்தையோடு பேசுவதுபோலப் பேசினார். "பயப்படாதை ராசா. ஆக்கள் வருமட்டும் நான் இருக்கிறன். தனிய விட மாட்டன்."

துணிக்குள் கிடந்த இன்னாசித்தம்பிக்கு அப்போது விடுதியின் ஒரு காலை ஞாபகம் வந்தது. அங்கேயும் ஒருமுறை ஒருவர் கரையொதுங்கினார், பக்கத்து ஊர் மீன்பிடிக்காரர். விருந்தாளிகள் பார்க்கக் கூடாது என்று, இன்னாசித்தம்பியும் இன்னும் இரண்டு பேரும் அவரைச் சாய்கதிரை மெத்தையில் சுற்றி, சமையல் நடக்கிற குசினிக்குப் பின்னால் கொண்டுபோய், குப்பை லொறி நிற்கிற இடத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். விருந்தாளிகளுக்குப் போட்ட பாட்டு நிற்கவில்லை. கை கழுவிவிட்டு அவர் இளநீர் சீவினார். சிரித்த முகத்தோடு காரியம் முடித்தார் என்று அன்றைக்கு அவருக்குப் பாராட்டுக் கிடைத்தது, அதையும் ஊரில் சொல்லிப் பெருமைப்பட்டவர்தான் அவர். அந்த மனுஷனின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. இப்போது தோன்றியது. அழுகை வந்தது. அழுகையோடு மணல் மூக்கில் ஏறி, பெரிய தும்மலாக வெடித்தது.

ஆச்சிமுத்து ஓடவில்லை. முக்காட்டை விலக்கி, முகத்தைத் திருப்பி, யார் என்று பார்த்தார்.

"ஆண்டவரே நாளைக்குத்தான் எழும்புறார். உமக்கென்ன அவசரம்?"

"அக்கா, நான்... சும்மா படுத்தனான்."

"சும்மா படுக்கிறதுக்கு உமக்கு வீடில்லையோ? முழுச் செபமாலையும் வீணாப் போச்சு. நீர் எண்டு தெரிஞ்சிருந்தால் செபம் சொல்லியிருக்க மாட்டன்." முக்காட்டை உதறித் தலையில் போட்டார். இரண்டடி போய்த் திரும்பினார். "இருந்திருப்பன். செபம்தான் சொல்லியிருக்க மாட்டன்."

பொழுதுபடுமுன் தீவு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் பூசையில், உயிர்ப்பைப் பற்றிச் சுவாமியார் பேசத் தொடங்கியதும் முழுக் கோயிலும் இன்னாசித்தம்பியைத் திரும்பிப் பார்த்தது. முதுகு தோலுரிந்து, கதிரையில் சாய முடியாமல் அவர் நிமிர்ந்து இருந்தார். அன்றிலிருந்து ஊரில் அவருக்குப் பெயர் 'முந்தி எழும்பினவர்'.

திங்கட்கிழமை அவர் இறங்குதுறைக்குப் பையில்லாமல் போனார். அவரைக் கூட்டிப்போக வள்ளத்தில் வந்திருந்த இராசநாயகத்துக்கு நம்ப முடியவில்லை. "அண்ணை, இந்தப் பகிடிக்குப் பிறகும் இஞ்சை இருக்கப் போறியளோ? அங்கை எவ்வளவு வசதி!"

"வசதிதான் தம்பி. உயிரோடை இருக்கிற ஆக்களுக்கு நல்ல கவனிப்பு" என்றார் இன்னாசித்தம்பி. வீட்டுக்கு வந்து, "நான் இஞ்சைதான்" என்றார். நேசம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப ஒராளுக்குச் சமைச்சால் காணும்" என்று குசினிக்குள் போனார்.

ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதைகள் பூட்டப்பட்டபோது, இன்னாசித்தம்பி முன்கூட்டியே கணக்குப் போட்டவர் என்று சிலர் புகழ்ந்தார்கள். அவர் ஒரு கிழமை அதை மறுக்காமல் ருசித்தார். பிறகு மனம் கேளாமல், தும்மல்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டார்.

தொண்ணூற்று மூன்று மாரியில், வாடைக்காற்று அடித்த ஒரு காலை, அதே மேற்குக் கரையில் உண்மையாகவே ஒருவர் ஒதுங்கியிருப்பதாகப் பையன்கள் கடைக்கு ஓடிவந்து சொன்னார்கள். இன்னாசித்தம்பி விதானையாருக்கு ஆள் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்தார். நேசம்மா ஒதுங்கி வழி விட்டார்.

இளம் பிள்ளை. குப்புறக் கிடந்தான். துவாயை விரித்துத் தலையிலிருந்து கால்வரை மூடி, காற்றுக்கு எழும்பாமல் ஓரமெல்லாம் கல் வைத்தார். பக்கத்தில் குந்தினார். கொஞ்ச நேரத்தில் ஆச்சிமுத்து செபமாலையோடு வந்து மற்றப் பக்கத்தில் இருந்தார். நீலக்கோட்டைப் பார்த்தார்.

"இதைத் திருப்பி எடுக்க ஏலாது. தெரியும்தானே?"

"தெரியும் அக்கா. அதிலை முதல் படுத்த பிரேதம் நான்தானே."

ஆச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மணியை உருட்டத் தொடங்கினார். காகம் ஒன்று தத்தித் தத்திக் கிட்ட வந்தது. இன்னாசித்தம்பி கல்லெடுத்து எறிந்தார். பிறகு, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, துவாய்க்குப் பக்கத்தில் குனிந்தார்.

"பயப்படாதை ராசா" என்றார். "ஆக்கள் வருமட்டும் நான் இருக்கிறன்."