என் தறிக்குழியில் பேயை வைத்த படம்

அந்தப் படத்தை மூணு தடவை பாத்துட்டேன். மூணு தடவையும் வயிறு எரிஞ்சதுதான் மிச்சம்.

போன வருஷம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல எங்க வீட்டுக்கு ஒரு சினிமா கோஷ்டி வந்துச்சு. பேய்ப் படம்னு மூச்சு விடல. "நெசவாளர் வாழ்க்கை சார்"னாங்க. எனக்குத் தலைகால் புரியல. டீ வாங்கிக் குடுத்து வாய் ஓயாம பேசினேன். அங்கதான் தப்பு பண்ணேன். எங்க வழக்கம் ஒண்ணு இருக்குது. தறியில நீளவாக்குல ஓடுற பாவு நூல் தீர்ந்தா தறியை வெறுமனே விட மாட்டோம். பழைய பாவோட கடைசி நூலை அறுத்து எறியாம, புதுப் பாவை அதுலயே இழை இழையா பிணைச்சுடுவோம். "எங்க அம்மா செத்தப்போ அவங்க பாவு தறியிலதான் இருந்துச்சு. அதுல பிணைச்சுதான் இன்னிக்கும் நெய்யறேன்"னு பெருமையா சொன்னேன். டைரக்டர் கண்ணுல தண்ணி. நல்ல மனுஷன்னு நெனைச்சேன்.

படத்துல பாத்தா, எங்க ஊரு ஏதோ காட்டுக்குள்ள கெடக்குது. கரண்ட் இல்ல, டவர் இல்ல. ஜனமெல்லாம் பட்டை பட்டையா விபூதி பூசிக்கினு, சென்னையிலேர்ந்து வர்ற ஹீரோவை முறைச்சுக்கினு நிக்குது. அதுங்க பேசுற தமிழ் எந்த ஊருதுன்னு அந்த ஏகாம்பரநாதருக்குத்தான் வெளிச்சம். ஷூட்டிங் அன்னிக்கு இதே ஆளுங்க போன்ல பிரியாணி ஆர்டர் பண்ணி எங்க வாசல்லதான் வாங்கி சாப்பிட்டாங்க! கதை என்னான்னா, செத்துப்போன கிழவி ஒருத்தி பாவு நூலைப் பிடிச்சுக்கினு தறிக்குழியில உக்காந்து, நெய்ய வர்றவங்க காலை இழுக்குறா. எங்க சுவத்து போட்டோவுல அம்மா கட்டியிருக்குற அதே அரக்கு பார்டர் புடவை அந்தக் கிழவிக்கு.

நான் மட்டும் என்ன யோக்கியம்? மலைக் கிராமம், மாந்திரீகம்னு வந்த படத்துக்கெல்லாம் விசில் அடிச்சவன்தான். அந்த ஊர்லயும் எவனாவது இப்படி வயிறெரிஞ்சிருப்பான்.

படம் வந்தப்போ என் வீட்டுக்காரி பிரசவத்துக்குப் போயி சென்னையில அவங்கம்மா வீட்ல இருந்தா. மூணாம் மாசம் பொண்ணைத் தூக்கிக்கினு வர நாள் பாத்திருந்தோம். அதுக்குள்ள மாமியார் படத்தைப் பாத்துட்டாங்க.

"பச்சக் கொழந்தையை அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்பா."

"நீங்களே நாலு தடவை வந்து தங்கின வீடும்மா அது!"

"அப்போ தெரியாதில்ல."

என்னா தெரியாது? கடுப்புல போனை வெச்சுட்டேன். வீட்டுக்காரியும் அதை நம்புறாளான்னு தெரியல. அதுதான் எனக்கு பெரிய பயம். உடலையும் பார்டரையும் தனித்தனியா கோத்து நெய்யற கோர்வைப் புடவைக்கு ரெண்டு பேர் வேணும். சொன்ன நாள் தாண்டி நாலு வாரம் ஆச்சு, அவ உக்கார்ற பக்கம் இன்னும் காலி. எனக்கு நிலை கொள்ளல. தறிக்கும் வாசலுக்கும் நடப்பேன். பெரிய காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் சும்மா திரும்பி வருவேன். பொண்ணு முகம் போன்லயே வளந்துக்கினு இருந்துச்சு.

ஒரு நாள் காலையில ஆட்டோ வந்த சத்தம்கூட எனக்குக் கேக்கல. அவ கொழந்தையோட உள்ள வந்தப்போ, நான் குனிஞ்சுக்கினு போன் டார்ச்சை குழிக்குள்ள அடிச்சுக்கினு இருந்தேன். பத்து நாளா அப்படித்தான். பாக்காம கால் வைக்க முடியல. எங்க அம்மா முப்பது வருஷம் கால் போட்டிருந்த குழி அது. வெக்கமா இருந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

"என்னா தேடுற?"

"ஒண்ணுமில்ல, நாடா கீழ விழுந்துடுச்சு."

அவ என் இன்னொரு கையைப் பாத்தா. குறுக்கு நூலை ஓட்டுற நாடா அதுலதான் இருந்துச்சு. அவ சிரிக்கல.

"உங்கம்மா விட்டாங்களா?"

"சண்டை போட்டுத்தான் வந்தேன்."

கொழந்தையை என் கையில குடுத்துட்டு, அவ எடத்துல போய் உக்காந்தா. குழியை ஒரு தரம் எட்டிப் பாத்தா.

"அத்தை இருந்தா இருக்கட்டும்யா. பேத்தியைப் பாக்காமயே போயிட்டாங்க."

டார்ச்சை அணைச்சேன். பொண்ணை மடியில வெச்சுக்கினு, குழிக்குள்ள காலை இறக்கினேன்.