மறியலில் அம்மாள் வந்தபோது

யுத்தம் நின்றிருந்த சமாதான காலத்தில், அனுமதி இல்லாமல் ஒரு பாலை மரத்தைத் தறித்ததற்காக வவுனியாச் சிறையில் நாலு மாதம் மறியலில் இருந்தேன். பட்டுப்போன மரம் என்று சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஆனால் உள்ளே இருந்தவர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஒரே கூடத்தில் நாற்பது பேர், பாயோடு பாய் முட்டப் படுப்போம். ஒருவனுக்குக் கொப்புளிப்பான் போட்டது, அம்மாள் வந்தது என்று சொல்வோமே, அந்த அம்மை. அன்றைக்கே மூலையில் உடுக்கிற சாரமொன்றைத் திரையாகக் கட்டி, வேப்பிலை செருகி, அவனுக்கு வேறு பேணி, வேறு கோப்பை வைத்துவிட்டார்கள். அதன்பிறகு புதிதாக வருபவனிடம் என்ன வழக்கு என்று யாரும் கேட்பதில்லை. "உனக்கு முந்தி அம்மாள் வந்ததோ?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருமுறை வந்து மாறிச் சுகமானவர்கள் மட்டுமே திரைக்குள் கஞ்சி கொண்டுபோகலாம். கள்ளன், குடிகாரன், அடிதடிக்காரன் எல்லாரும் இந்தச் சட்டத்துக்கு அடங்கி நடந்தார்கள். வெளியே படித்த மனிதர்களிடம்கூட இப்படி ஒரு ஒழுங்கை நான் கண்டதில்லை. எனக்குச் சின்ன வயதிலேயே வந்து மாறியதால் கஞ்சி தூக்கும் உத்தியோகம் கிடைத்தது.

என் பக்கத்துப் பாய்க்காரன் முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கிறவன், கழுத்தில் செபமாலை. களவெடுத்த படகு எஞ்சின் என்று தெரியாமல் வாங்கி மாட்டிக்கொண்டவன். வியாழக்கிழமை அவனுக்குப் பிணை கிடைக்க இருந்தது. ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி, கூட்டிக்கொண்டு போக நீதிமன்றத்துக்கு வருவதாக ஏற்பாடு.

அன்று காலை தொட்டியடியில் குளிக்கும்போது அவன் முதுகில் மூன்று கொப்புளங்களைக் கண்டேன்.

"தம்பி, சேர்ட்டைப் போடும். நான் ஒண்டும் காணேல்லை," என்றேன். சொன்னால் இன்னும் பதினாலு நாள் உள்ளே கிடக்கவேண்டும்.

"அவாக்கு இன்னும் வரேல்லை அண்ணை. வயித்தில பிள்ளை."

"வீட்டை போய்த் தள்ளி இருமன்."

"பஸ்ஸில எப்பிடித் தள்ளி இருக்கிறது?"

பிறகு சேர்ட்டைப் பூட்டிக்கொண்டு, நீதிமன்றம் போகிறவர்களின் வரிசையில் நின்றான். என் பேச்சு எடுபட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். வாசலில் காவலாளி பெயர் கூப்பிட்டதும் சேர்ட்டைக் கழற்றி முதுகைக் காட்டினான். வழக்குத் தவணை தள்ளிப்போனது. எங்கள் திரை மூலைக்கு வந்து, வேப்பிலைக்குப் பக்கத்தில் தன் செபமாலையையும் கொழுவினான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மத்தியானம் மனைவி நீதிமன்றத்திலிருந்து நேரே மறியல் வாசலுக்கு வந்துவிட்டார். அவன் சந்திக்க மறுத்துவிட்டான். தெருவுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் போய் நிற்கும்படி காவலாளியிடம் சொல்லி அனுப்பினான். எங்கள் கூடத்தில் தெருவைப் பார்த்த யன்னல் ஒன்றுதான், அதுவும் கூரையோரத்தில். அவனைத் தூக்க, அம்மாள் வந்து மாறிய இரண்டு பேர் வேண்டும். ஒரு தோள் ஒரு அடிதடிக்காரனுடையது, மற்றது என்னுடையது.

ஏறி நின்று யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நிக்கிறாவோ?" என்று கேட்டேன்.

"நிக்கிறா அண்ணை. வயிறு நல்லாப் பெருத்திட்டுது."

மறைத்துக்கொண்டு போ என்று காலையில் சொன்னவன் நான். அவன் போதும் என்று சொல்லும்வரை தோளை அசைக்காமல் நின்றேன்.