முனியப்பனைக் கும்பிட வந்த சேவல்

போன மாதம் ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் என் மகன் டெங்குக் காய்ச்சலோடு ஐந்து நாள் கிடந்தான். இப்போது வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறான். நான்தான் இன்னும் தேறவில்லை. அரை மணிக்கு ஒருமுறை அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். "தோசக்கல்லு காஞ்சிச்சான்னு பாக்கற மாதிரியே பாக்கறியேம்மா" என்கிறான். அதைக் கேட்டதும் எனக்கு அந்தச் சேவல் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் ஊர் அஞ்செட்டிக்குப் பக்கம். எட்டு வயதில் டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்திருந்தேன். நான் எழுந்து நடந்தால் சேவல் அறுப்பதாக அம்மா முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டாள். முனியப்பன் ஊருக்கு வெளியே பாறையடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். கண் பாதி மூடியிருக்கும். தலைக்கு மேல் கல்லிலேயே பாம்பு படமெடுத்திருக்கும். உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. ஊர்தான் மரியாதைக்கு ஒரு வேட்டியைச் சுற்றிவிட்டிருந்தது. மீசையும் அரிவாளும் இல்லாமல் இது என்ன முனியப்பன் என்று யாரும் கேட்டதில்லை.

சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலை யாரும் அடிக்கக் கூடாது. இது அந்தச் சேவலுக்கும் தெரிந்திருந்தது. என் கணுக்காலைக் கொத்தாத நாளில்லை. அதனால் பூசை நாளை என்னைப்போல் ஆசையாக யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். குழம்பில் எனக்கு வலது கால் என்பதுவரை முடிவாகியிருந்தது.

அன்று காலை பொங்கல் வைத்தாயிற்று. பாறையில் வரிவரியாகக் கீறல்கள் இருந்த இடத்தில் அப்பா கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். ஊரே அங்கேதான் தீட்டும். சேவல் மாமாவின் அக்குளில் இருந்தது. அப்போது கர்நாடக நம்பர் போட்ட வேன் ஒன்று வந்து நின்றது. வெள்ளை வேட்டியும் பட்டுச் சேலையுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். முனியப்பனைக் கண்டதும் ஒரு பெரியவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுதார். இன்னும் இரண்டு பேர் போய் பக்தியோடு அந்த வேட்டியை அவிழ்த்தார்கள். அம்மா சட்டென்று என் கண்ணைப் பொத்தினாள்.

விரலிடுக்கில் பார்த்தேன். பெரியவர் அப்பாவின் கத்தியை மெல்ல விலக்கிவிட்டு, கீறல்களை விரலால் தடவிப் படிக்க ஆரம்பித்தார். ஓசூர் கம்பெனியில் வேலை பார்த்த மாமாவுக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு.

"மச்சான், இது முனியப்பன் இல்லியாம். பார்சுவநாதராம், சமணச் சாமி. அந்தக் காலத்துல மைசூர்ப் பக்கத்துல இருந்து வந்த முனிவருங்க இங்க தங்கி இருந்தாங்களாம். அந்தக் கதைதான் கல்லுல எழுதியிருக்குதாம். கடைசி வரி மட்டும் எப்படியோ தேஞ்சிட்டுதுன்னு வருத்தப்படறாரு."

அப்பா கத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அதற்குள் ஒரு வயதான அம்மாள் சேவலைப் பார்த்துவிட்டார். "பேடா, பேடா" என்று, வேண்டாம் வேண்டாமெனப் பதறிக் கை கூப்பினார். அவர்கள் சாமி எறும்பைக்கூட மிதிக்கக் கூடாது என்றவராம். சேவல் எதற்கு என்று கேட்டார். மாமா கண்ணிமைக்காமல் ஏதோ சொன்னார். உடனே எல்லார் முகமும் மலர்ந்துவிட்டது.

"என்னடா சொன்ன?" என்றாள் அம்மா.

"சேவலு சாமி கும்புட வந்திருக்குதுன்னேன்."

அந்த அம்மாள் சேவலின் கொண்டையில் சந்தனம் வைத்தார். காலில் மஞ்சள் கயிறு கட்டினார். சாகும்வரை இதை யாரும் கொல்ல மாட்டோம் என்று கல்லில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். மாமா எங்கள் எல்லாருக்கும் சேர்த்தே செய்துவிட்டார்.

மத்தியானம் அவர்களே எங்களுக்குச் சோறு போட்டார்கள். வெங்காயமில்லை, பூண்டில்லை, உருளைக்கிழங்குகூட இல்லை. பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே சேவலைப் பார்த்தேன். கயிறு கட்டியிருந்தது வலது காலில்.

"அப்ப என் வேண்டுதல் என்னடா ஆவறது?" அம்மா சோற்றில் கைவைக்கவில்லை.

"அதான் சாமியே வேணான்னுட்டாரே. உடு அக்கா."

"சாமி எங்கடா சொன்னாரு? நீ சொன்ன!"

இன்று அங்கே மண்டபம் இருக்கிறது. எழுத்துக்குக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கும் அந்தப் பாதி மூடிய கண்கள்தான் நினைவில் வந்தன. என் பையனைக் கொடுத்துவிடு என்று கேட்டாயிற்று. பதிலுக்கு என்ன தருவதாகச் சொல்வது? எதையும் வாங்கிக்கொள்ளாத சாமி அவர்.

சேவல் அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தது. தினமும் விடிந்ததும் அது கூவும். அம்மா வந்து என் நெற்றியில் புறங்கையை வைப்பாள். அப்புறம் வாசலுக்குப் போய் அந்தச் சேவலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். குழம்பு தப்பிப்போன வருத்தம் என்னைப்போலவே அவளுக்கும் ஆறவில்லை என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.