மறுபடி பூக்கேட்கச் சொன்ன டாக்டரம்மா

களத்தில் மஞ்சளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் போனோடு வந்தார். "நம்ம டாக்டரம்மா தவறிட்டாங்களாம். நெஞ்சுவலியாம்" என்றார். நான் நம்பவில்லை. போன மாதம்தான் சேலத்தில் என்னைப் பரிசோதித்துவிட்டு, "நல்லா உடம்பு போட்டுட்டீங்க. இனி உங்க ஊட்டுக்காரரை இளைக்க வையுங்க" என்று சிரித்தார்.

டாக்டர் வளர்மதியிடம் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்த நாமகிரிப்பேட்டை, மேச்சேரிக்காரர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். நீங்களும் அழுதிருப்பீர்கள். அவரால் எனக்கு ஒரு நல்லது நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எனக்குச் சூலகத்தில் கட்டி. முதலில் கீமோ மருந்து நன்றாகவே கேட்டது, கட்டி கரைந்தது. பிறகு திரும்ப வளர்ந்தது. அதே மருந்தை ஏற்றியும் இந்தத் தடவை அசையவில்லை.

"நோய் மருந்துக்குப் பழகிக்கிச்சுங்க" என்றார் டாக்டரம்மா. "மருந்து போய் அதைக் காயப்படுத்துது. அது தன் காயத்தைத் தானே ஆத்திக்கப் படிச்சுக்கிச்சு. அதனால பழைய மருந்தையும் ஏத்தி, கூடவே காயத்தை ஆறவிடாத ஒரு மாத்திரையும் தாரேன்."

நான் வீட்டு வரவு செலவைப் பைசா பிசகாமல் பார்க்கிறவள். "வேலை செய்யாத ஆளுக்கு எதுக்குங்க மறுபடி கூலி? புது ஆளை மட்டும் வையுங்க" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். "பழைய ஆளு வெட்டறவருங்க. புது ஆளு, தைக்க வாரவனைத் தடுக்கறவரு. வெட்டே விழுகலைன்னா தடுத்து என்ன பண்ண? எல்லாருக்கும் கேக்கும்னு சொல்லமாட்டேன். உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்குங்க."

எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. ஊருக்கு வந்து அம்மன் கோயிலில் பூக்கேட்டேன். பூசாரி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார். அதில் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது.

அம்மனே சொன்ன பிறகு வைத்தியம் எதற்கு? சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று சேலம் கிளம்பினேன். வீட்டுக்காரர் பஸ்ஸில் என் கையை விடவே இல்லை.

டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மன்கிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"புது மாத்திரை சாப்பிடட்டுமான்னு கேட்டனுங்க."

"பழைய மருந்து?"

"அதைத்தான் நான் தள்ளிட்டனுங்களே. அதைச் சொல்லலை."

"அட சாமி! அப்ப அம்மன் சொன்னது சரிதானுங்க. மாத்திரையை மட்டும் தனியாக் கேட்டா, உங்களுக்கு வேண்டாம்னுதான் நானும் சொல்லுவேன். நான் குடுக்கறது ஜோடி. போய் ஜோடியாக் கேட்டுட்டு வாங்க."

"மறுபடியும் செவப்பு வந்தா?"

"நானே வந்து அம்மன் கால்ல விழுகறேன். உங்களை விடறதா இல்லைங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு மருந்தையும் சேர்த்துச் சொல்லிக் கேட்டேன். பொட்டலத்தைப் பிரிக்கும்போது பூசாரியின் விரலைக்கூடப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு விசில் சத்தம். வெள்ளை! கோயில் என்றும் பாராமல் விசிலடித்தவர் என் வீட்டுக்காரர்.

அதன்பிறகு பட்டது கொஞ்சமில்லை. வாந்தி, சோர்வு, ரத்தம் குறைந்துபோய் மருந்தை நிறுத்தி நிறுத்தித் தொடர்ந்தது எல்லாம் உண்டு. பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். வராந்தாவில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டரம்மா ஓடி வந்தார். ஆமாம், ஓடித்தான் வந்தார். ஒரு செருப்பு உள்ளேயே கிடந்தது.

"சுருங்கிருச்சுங்க! பாதிக்கு மேல சுருங்கிருச்சு! பழைய ஆளும் புது ஆளும் சேர்ந்து என்ன வேலை பண்ணியிருக்காங்க பாருங்க!"

வராந்தாவே எழுந்து நின்றது. ஜலகண்டாபுரத்து அம்மா ஒருவர், அதுவரை என்னோடு பேசியதுகூட இல்லை, கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். தன் தங்கைக்கும் மருந்து கேட்காமல் போய்விட்டதாம். "எங்களுக்கும் வேற ஜோடி இருக்குங்களா?" என்று கேட்டார். டாக்டரம்மா ஒற்றைச் செருப்போடு அங்கேயே நின்று அவருக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த ஓட்டத்தைத்தான். கையில் நல்ல செய்தி இருந்தால் அவருக்கு நடந்து வரத் தெரியாது. வரும் மாதம் எனக்கு மறுபடி ஸ்கேன். வேறு டாக்டர் பார்ப்பார், அமைதியாகத்தான் சொல்வார். நல்லபடியாக இருந்தால் வராந்தாவுக்கு வந்து நான் கத்துவேன். காத்திருக்கிறவர்களுக்குக் கேட்க வேண்டும்.