பொட்டு வைத்த இடங்கள்

முத்துப்பாண்டிக்குக் கிரைண்டர் சத்தம் ஆகாது. பிழைப்பு என்னவோ டிங்கரிங் கடையில்தான். மீன் வாடை ஆகாதவன் மீன் மார்க்கெட்டில் கடை போட்ட மாதிரி என்று அவன் மனைவி கேலி செய்வாள். பக்கத்தில் யாராவது தகரத்தில் கிரைண்டரை வைத்து இழுத்தால், கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவான். நாளுக்குப் பத்து டீ ஆகும். நாற்பத்தேழு வயதில் சர்க்கரை வந்ததற்குக் கிரைண்டரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

கடை அவன் மைத்துனன் செல்வக்குமாருடையது. திருநகரைத் தாண்டித் திருமங்கலம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. பழைய கார்களை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றுவது முத்துப்பாண்டியின் வேலை. வெல்டு வைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து நிறுத்திய பிறகு வருகிறவர்கள் பெயிண்டரின் கையைப் பிடித்துப் பாராட்டுவார்கள். கழற்றியவனை யார் கேட்கிறார்கள்? அவன் சொதப்பினால் மட்டும் கதவு மூடாது, கண்ணாடி ஏறாது, ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஓடும். அதனால் அவன் ஒரு ஒழுங்கு வைத்திருந்தான். ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டையும் கட்டுக்கம்பியில் கோத்து, பழைய கல்யாணப் பத்திரிகையைக் கத்தரித்த அட்டை ஒன்றை அதில் கட்டிவிடுவான். முன்பக்கம் 'இடது முன் கதவு' என்று பேனாவில் எழுதியிருக்கும். பின்பக்கம் எவனோ ஒரு மாப்பிள்ளையின் படிப்பு இருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்வது ஒன்று உண்டு. எந்த வண்டி வந்தாலும் முதல் போல்ட்டில் கை வைக்குமுன் சேஸிஸ் நம்பரைத் தேடிப் போவான். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், தகரத்தில் குத்திய எண் தாளில் அப்படியே இறங்கும். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தானென்றால் வண்டி கடையைவிட்டுப் போகும்வரை அது அங்கேயே இருக்கும்.

இந்தப் பழக்கம் பட்டு வந்த பழக்கம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஆரப்பாளையத்தில் அவனுக்கே ஒரு கடை இருந்தது, போர்டில் அவன் பெயர் இருந்தது. ஒரு ஜீப்புக்குத் துரு எடுக்கும்போது, பேச்சு மும்முரத்தில் நம்பர் மேலேயே கிரைண்டரை ஓட்டிவிட்டான். அந்தத் தப்போடு நின்றிருக்கலாம். பயத்தில் எண் குத்தும் பஞ்ச் ஒரு செட் வாங்கிவந்து அதே நம்பரைத் தானே அடித்துவைத்தான். அடுத்த மாதம் ஒரு வண்டிச் சோதனையில், வயதான ஏட்டு ஒருவர் தகரத்தின் பின்பக்கம் விரலை விட்டுத் தடவினார். பழைய எண்ணின் புடைப்பு ஓரிடத்தில், இவன் அடித்ததன் புடைப்பு அதற்குச் சற்றுத் தள்ளி. திருட்டு வண்டிக்கு நம்பர் மாற்றுகிறவன் என்று மூன்று நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். ஜீப் பழைய இரும்பு எடைக்குப் போனது. கடைக்கு ஆள் வருவது நின்றது. போர்டைக் கழற்றியதும் அவனேதான். எத்தனையோ எஞ்சினை இறக்கியிருக்கிறான், அந்தப் போர்டு அளவுக்கு எதுவும் கனக்கவில்லை.

அப்படிப்பட்டவன்தான் மொக்கைச்சாமி என்ற பெரியவரின் அம்பாசிடரை நம்பர் எடுக்காமலே கழற்றிப் போட்டான்.

தேடாமல் இல்லை. எஞ்சின் அறையின் பின்சுவரில் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பெயிண்ட் அப்பளம் மாதிரிக் கொப்பளித்துக் கிடந்தது. தாளை வைத்துத் தேய்த்தால் மேடும் பள்ளமுமாகக் கறுத்ததே தவிர ஒரு எண்ணும் வரவில்லை. "பெயிண்ட எடுத்தாத் தெரிஞ்சிட்டுப் போகுது மச்சான், நீங்க ஆரம்பிங்க" என்றான் செல்வக்குமார். இவனும் ஆரம்பித்துவிட்டான். மைத்துனன் கடையில் சோறு தின்கிறவன் எத்தனை தடவைதான் முறைத்துக்கொள்வது?

பதினோரு நாளில் எஞ்சின் இறங்கியது. கதவு, கண்ணாடி, சீட்டு, வயர் எல்லாம் அட்டை கட்டிக்கொண்டு பரண் ஏறின. பன்னிரண்டாம் நாள் காலையில் மரக்கட்டைகளின்மேல் வெறும் கூடு நின்றது. பத்து மணிக்கு டெம்போ வந்து அதைக் கப்பலூருக்கு ஏற்றிப்போகும். அங்கே மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சியடித்துப் பெயிண்டையும் துருவையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். கெட்டித் தகரம் பளபளவென்று வெளியே வரும். துரு தின்ற தகரம் பொடியாகிப் பறந்துவிடும். இந்த நாளை விட்டால் அடுத்த மாதக் கடைசியில்தான் அங்கே இடம். அதற்குள் வண்டியின் பதிவு முடிந்துவிடும். புதுப்பிக்கப் போனால் இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்து முதலில் பார்ப்பது நம்பரைத்தான். நம்பர் இல்லாத கார் பழைய இரும்புக் கடைச் சரக்கு. அதைக் கழற்றியவன் பெயரோ ஏற்கெனவே ஒரு ஸ்டேஷனில் எழுதியிருக்கிறது.

முத்துப்பாண்டி அன்று ஆறரைக்கே வந்துவிட்டான். பெயிண்ட் ரிமூவரைப் பிரஷ்ஷால் தடவி, கொப்பளிக்கக் காத்திருந்து, மூங்கில் குச்சியைச் சீவி மெல்லச் சுரண்டினான். இரும்பு படக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தான். வெள்ளை உரிந்தது. அடியில் வட்டமாக, காய்ந்த மஞ்சளும் சிவப்புமாக ஏதோ இருந்தது. விரலில் தேய்த்து மோந்து பார்த்தான்.

சந்தனம். அதன்மேல் குங்குமம்.

வெள்ளைக்கு அடியில் க்ரீம் கலர், அதற்கடியில் இன்னொரு வட்டம். நீலம், மறுபடி ஒரு வட்டம். அவனுக்கு விளங்கிவிட்டது. வண்டிக்காரர் வருடா வருடம் ஆயுத பூஜைக்கு நம்பரின்மேல் பொட்டு வைத்திருக்கிறார். வண்டிக்கு நெற்றி அதுதான் என்று நினைத்திருப்பார். பெயிண்ட் அடிக்க வந்தவன் எவனுக்கும் சாமிப் பொட்டைத் துடைக்கக் கை வரவில்லை, அப்படியே மேலே அடித்துவிட்டுப் போயிருக்கிறான். ஈரச் சந்தனம் உள்ளே கிடந்து முப்பத்தைந்து வருடமாகத் தகரத்தைத் தின்றிருக்கிறது. வைத்தவரைச் சொல்வதா, துடைக்காதவனைச் சொல்வதா? யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தன்னையே திட்டிக்கொண்டான்.

எட்டரைக்குக் கடைசி அடுக்கும் வந்தது. ஏழு எண்ணில் முதல் நான்கு தெரிந்தன. ஐந்தாவது மூன்றா எட்டா என்று சொல்ல முடியவில்லை. கடைசி இரண்டும் இருந்த இடம் பழுப்பு நிறத்தில் பொருக்காகக் கிடந்தது.

செல்வக்குமார் பின்னால் வந்து நின்று பார்த்தான்.

"ஆர்.சி. புக்குல நம்பர் இருக்குல்ல மச்சான். தகரத்த வெட்டி வேற வச்சு நாமளே அடிச்சிருவோம். அஞ்சு நிமிச வேல."

முத்துப்பாண்டி திரும்பவில்லை. "மாப்ள, அந்த அஞ்சு நிமிசத்த நான் ஒருக்கா அடிச்சிருக்கேன்."

"அது அப்ப. இப்ப அந்தப் பெரியவருக்கு என்னத்தச் சொல்லப் போறீங்க?"

"தெரியல. பஞ்ச் செட்டு இந்தக் கடைக்குள்ள வந்தா நான் வெளிய போயிருவேன். அம்புட்டுதேன்."

செல்வக்குமார் காலால் ஒரு டப்பாவை எத்திவிட்டு வாசலுக்குப் போனான். ஒன்பது மணிக்கு அந்தப் பெரியவரே வாசலில் வந்து நின்றார்.

மொக்கைச்சாமிக்கு எழுபத்து மூன்று வயது. பேரையூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்காரரிடம் பதினாறு வருடம் டிரைவராக இருந்தார். பண்ணைக்காரர் புது வண்டி வாங்கியபோது பழையதை இவர் வாங்கினார். வாங்கிய நாளில் ஸ்டியரிங்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்து ஊருக்குள் வந்தாராம். நேற்றுவரை ஓட்டியவன் முதலாளி மாதிரிப் பின் சீட்டில் வருவதா என்று ஊரில் இரண்டு நாள் சண்டை நடந்தது. அதற்குப் பிறகு அதையே வாடகைக்கு ஓட்டி மகள் தமிழ்வாணியைப் படிக்கவைத்தார். இன்று அவள் வங்கியில் அதிகாரி. அப்பா கண்ணை மூடுமுன் இன்னொரு தடவை பின் சீட்டில் உட்கார வேண்டும் என்று அவள்தான் இந்த வேலையை ஆரம்பித்திருந்தாள்.

"நம்பர் கெடச்சிருச்சா அண்ணே?" என்று அப்பாவின் பின்னாலேயே வந்த தமிழ்வாணி கேட்டாள்.

"பாத்துக்கிட்டு இருக்கேன் மேடம்." தன் முதுகால் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு முத்துப்பாண்டி சொன்னான். கூச்சமாக இருந்தது. மறைக்கிற வயதா இது?

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மடியில் ஆர்.சி. புத்தகம், சட்டைப் பையில் ஒரு சிறு பொட்டலம். வண்டி வெளியே கிளம்பும்போது பொட்டு வைத்து அனுப்பக் கொண்டுவந்திருந்தார். அதன் ஓரத்தில் குங்குமம் கசிந்திருந்தது.

அவன் திரும்பிப் பொருக்கைக் குச்சியால் தொட்டான். ஓரத்தில் லேசாக அழுத்தியதும் குச்சி பொதுக்கென்று உள்ளே இறங்கிவிட்டது. போச்சு, ஓட்டை. குச்சியை மெல்ல உருவினான். நுனியில் கறுப்பாக ஒட்டியிருந்தது.

தார். சுவரின் அந்தப் பக்கம், டிரைவர் கால் வைக்கிற இடத்துக்கு மேலே, சத்தம் வராமலிருக்கக் கனமாகப் பூசிய தார்.

ஏட்டின் விரல் ஞாபகம் வந்தது. முன்பக்கம் குத்தினால் பின்பக்கம் புடைக்கும். பன்னிரண்டு வருடமாகக் கனவில் வந்து தொல்லை பண்ணிய விரல், முதல் தடவையாக ஒரு உபகாரம் செய்தது.

மண்ணெண்ணெய்த் துணியும் குச்சியுமாகக் கூட்டுக்குள் புகுந்து மல்லாந்து படுத்தான். தார் கல்லாக இறுகியிருந்தது. துணியை வைத்து ஊறவைத்து, அரிசி அரிசியாகத்தான் எடுக்க முடிந்தது. கழுத்து வலித்தது. கண்ணில் கறுப்புத் துகள் விழுந்தது. வேகமாக அழுத்தினால் மிச்சத் தகரமும் முன்பக்கம் உதிர்ந்துவிடும். வாசலில் டெம்போ ஹாரன் அடித்தது.

"மச்சான், வண்டி வந்திருச்சு."

"நிக்கச் சொல்லு."

"அவன் நிக்க மாட்டேங்கிறான்."

"டீ வாங்கிக் குடு. வடையும் வாங்கிக் குடு. எனக்கு அரை மணி நேரம் வேணும்."

டிரைவர் திட்டியதும், செல்வக்குமார் கெஞ்சியதும், தமிழ்வாணி போனில் வங்கிக்கு விடுமுறை சொன்னதும் தகரம் வழியாகக் காதில் விழுந்தன.

தார் விலகிய இடத்தில், குச்சி இறங்கிய ஓரம் தவிர, தகரத்தின் பின்முகம் துருப்பிடிக்காமல் இருந்தது. முத்துப்பாண்டி கண்ணை மூடி விரலை வைத்துத் தடவினான். மேடு. பக்கத்தில் ஒரு மேடு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒரு நிமிடம் நெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்துவிட்டுத்தான் தாளை வைத்தான். பென்சில் ஓட ஓட எண்கள் கறுத்து வந்தன, இடவலமாகத் திரும்பி. வெளியே வந்து தாளைப் புரட்டி வெயிலுக்கு நேரே பிடித்தான். எண்கள் நேராகத் தெரிந்தன.

"புக்க எடுத்துப் படிங்க மேடம். ஒண்ணு ஒண்ணாச் சொல்லுங்க."

"நாலு."

"ம்."

"ஒண்ணு. ஏழு. பூஜ்யம்."

"ம்."

"எட்டு."

ஐந்தாவது எட்டுத்தான். "ம்" என்றான்.

"ரெண்டு. அஞ்சு."

அவன் தாளை அவளிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது. முகத்தில் இருந்த மண்ணெண்ணெய் கண்ணில் பட்டதாக எல்லோரும் நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

"மொத வேலையா இதக் காட்டி ஆர்.டி.ஓ.கிட்ட எழுதிக் குடு மாப்ள" என்றான் செல்வக்குமாரிடம். "அவுக அனுமதி குடுத்து, அவுக முன்னாடி அடிச்சாத்தேன் நம்பரு. இப்ப ரெண்டு பக்கமும் பிளேட்டு வச்சு மூடிட்டு அனுப்புவோம். மணல் இங்க படக்கூடாது."

பிளேட்டை எடுக்கப் போனபோது பெரியவர் எழுந்து வந்து எஞ்சின் அறைக்குள் குனிந்தார். முத்துப்பாண்டி மறைக்க ஓடினான். அதற்குள் பார்த்துவிட்டார். உரிந்த பெயிண்ட் ஓரங்களில் சந்தன வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அப்படியே இருந்தன.

"முன்பக்கம் ஏன் தம்பி இப்பிடி அரிச்சுப்போச்சு?"

"மழைத் தண்ணிங்கய்யா. கண்ணாடி ரப்பர் வழியா எறங்கியிருக்கு. எல்லாப் பழைய வண்டிக்கும் உள்ளதுதேன்."

மொக்கைச்சாமி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த வட்டத்தின்மேல் மோதிர விரலை வைத்தார். விரல் அளவுக்குச் சரியாக இருந்தது. பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து, இரண்டாக மடித்து, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"டெம்போவக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க தம்பி" என்றார். "இன்னும் எங்கெங்க வச்சேன்னு சொல்றேன். அங்கயும் பிளேட்டு வச்சிருங்க."

வலது கதவுப் படி. டிக்கி மூடியின் பூட்டுக்கு மேலே. ரேடியேட்டர் தாங்கியின் நடுவில். அவர் விரலை வைத்த இடத்திலெல்லாம் முத்துப்பாண்டி சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தான். தட்டிப் பார்த்தால் ஒவ்வொரு இடமும் பொத்தென்றது. நான்காவது இடம் பின் சீட்டு ஏறும் கதவின் படி, வாங்கிய நாளில் அவர் கால் வைத்து ஏறியது. அங்கே வந்ததும் பெரியவர் நின்றுவிட்டார், விரல் நீளவில்லை. முத்துப்பாண்டி வட்டம் போடாமல் சாக்பீஸை அவர் கையில் கொடுத்தான்.