ஹால்வார் எழுதாத பாடம்

எங்கள் தீவுப் பள்ளியில் இருபத்தாறு வருடமாகப் புவியியல் நடத்தியவன் ஹால்வார். அத்தனை வருடத்தில் சொந்தமாக ஒரு பக்கம் எழுதியதில்லை. வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில் வாஃபிள் சுட்டால் முதல் ஆளாகத் தட்டோடு நிற்பான். மாவு கரைக்கச் சொன்னால் முதுகுவலி வந்துவிடும்.

என் பக்கத்து மேசை தூருன், நான்கு குளிர்காலம் உட்கார்ந்து கடல் ஏற்ற இறக்கம் பற்றி முப்பது பாடங்கள் எழுதி, இணையத்தில் இலவசமாகப் போட்டாள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அச்சடிக்கலாம். எழுதியவள் பெயர் மட்டும் இருக்க வேண்டும். அதுகூட இந்த மகானுக்கு முடியவில்லை. அவள் பெயரைத் தூக்கிவிட்டுத் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு அட்டையும் போட்டுக்கொண்டான். துணைத் தலைமையாசிரியர் பதவிக்கு இருவருமே விண்ணப்பித்திருந்த நேரம் அது.

"ஏம்பா, அவ பேரப் போட்டா உன் கை அழுகிடுமா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கோங்கன்னு தானே போட்டிருக்கா? உனக்கென்ன வந்துச்சு?"

"விடுடி, பிள்ளைங்க படிச்சா சரி," என்றாள் தூருன். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

ஜூன் மாதம், 'தன்' பாடத்தைச் செய்துகாட்ட மாணவர்களையும் தலைமையாசிரியை ஓஷில்டையும் அழைத்துக்கொண்டு, நீர் வற்றும்போது நடந்தே போகக்கூடிய பாறைத்திட்டுக்குக் கிளம்பினான். கோடையில் எங்கள் நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதால், கடல் ஏற்ற இறக்க அட்டவணை நேரத்தோடு ஒரு மணி கூட்டச் சொன்னது பதினேழாம் பாடம். அட்டவணையில் அந்த ஒரு மணி ஏற்கெனவே கூட்டியிருக்கும். தூருன் செய்த தப்பு அது. இரண்டு வருடம் முன்பே திருத்தி, 'என் பிழை' என்று தேதியோடு குறித்தும் வைத்திருந்தாள். துரைக்கு அதையெல்லாம் பார்க்க ஏது நேரம்? பழைய நகலையே நம்பி ஒரு மணி தாமதமாகப் போனான்.

திரும்பி வரும் வழி கடலுக்குள் போய்விட்டது. மீன்பிடிப் படகு போய்த்தான் எல்லோரையும் ஏற்றி வந்தது. ஓஷில்டின் பூட்ஸ் நிறையத் தண்ணீர். நானும் தூருனும் படகுத்துறையில் நின்றோம்.

"எந்த அறிவாளிய்யா இந்த நேரத்தக் குறிச்சது?" என்றார் படகுக்காரர்.

ஓஷில்ட் ஈர அட்டையைப் பார்த்தாள். "உன் பேருதானே இருக்கு, ஹால்வார்?"

"ஐயோ, நான் இல்லீங்க! தூருன் எழுதினது! ஒரு வரிகூட என்னுது இல்ல!"

"முப்பது பாடமுமா?"

"முப்பதும் அவளோடதுதான்!"

"தப்பு என்னுதுதான். ரெண்டு வருஷம் முன்னாடியே திருத்திட்டேன்," என்றாள் தூருன்.

அவள் கேட்ட ஒரே நிபந்தனையை, அந்தப் பிறவி அன்றுதான் பல் கிடுகிடுக்க நிறைவேற்றியது. ஆகஸ்டில் துணைத் தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்தவள் தூருன்.